பணவீக்கம் குறைந்த பிறகும் மாதக் கணக்கில் துண்டு விழுவது ஏன்?

#1 மாதக்கடைசி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பல மாதங்களாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது. பணவீக்கம் 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கு வந்துவிட்டது, நிலைமை சீராகிறது என்று செய்திகளில் படிக்கிறேன். ஆனால் வீட்டுக் கணக்கு நோட்டைத் திறந்தால் போன வருடம் விழுந்த அதே துண்டு இந்த வருடமும் விழுகிறது. புதிதாக எந்தச் செலவையும் இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. சந்தாக்களை நிறுத்தியாயிற்று, பயணங்களைத் தள்ளிப்போட்டாயிற்று, பண்டிகைத் துணிகூடப் பாதியாகிவிட்டது.

எனக்கு மூன்று வருடமாக ஆண்டுக்கு 5 சதவீதம் சம்பள உயர்வு. விலை 3 சதவீதம்தான் ஏறுகிறது, சம்பளம் 5 சதவீதம் ஏறுகிறது என்றால் கொஞ்சமாவது மூச்சு விட முடிய வேண்டாமா? வெளியிடும் எண் தப்பா, நான் கணக்குப் பார்க்கும் முறை தப்பா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

#2 நேர்கோடு எழுதியது:

எண்தான் தப்பு. வேறென்ன? கடைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆள்பவர்களுக்கு ஏற்ற மாதிரி எண்ணைத் தயாரித்து வெளியிடுகிறார்கள்.

#3 தராசுமுள் எழுதியது:

தோழி மாதக்கடைசி, உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். முதல் வருடம் விலைகள் 8 சதவீதம் ஏறின, இரண்டாம் வருடம் 7, மூன்றாம் வருடம் 3 என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 100 ஆக இருந்த செலவு முதலில் 108, பிறகு 115.56, கடைசியில் 119.03. உங்கள் சம்பளம் 100-லிருந்து 105, பிறகு 110.25, கடைசியில் 115.76.

மூன்றாம் வருடத்தை மட்டும் தனியாக எடுத்தால் நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள், சந்தேகமில்லை. ஆனால் புறப்பட்ட இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. அங்கே போய் நிற்கவே இன்னும் 2.8 சதவீதம் கூடுதலாக வேண்டும். அதோடு, முதல் வருடம் சம்பளம் செலவைவிட ஏறத்தாழ 2.8 சதவீதம் குறைவு, இரண்டாம் வருடம் 4.6 சதவீதம் குறைவு. அந்தப் பள்ளத்தைச் சேமிப்பிலிருந்தோ கடனிலிருந்தோதான் நிரப்பியிருப்பீர்கள். வெளியேறிய அந்தப் பணத்தை எந்த ஊதிய உயர்வும் திருப்பித் தரவில்லை. உங்கள் நோட்டில் விழும் துண்டு இதுதான்.

பணவீக்க விகிதம் இறங்கியது என்றால் விலைகள் ஏறும் வேகம் தணிந்தது, அவ்வளவுதான். ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நிற்கிறது. அமெரிக்காவில் 2022 ஜூனில் 9.1 சதவீதமாக இருந்த ஆண்டுப் பணவீக்கம் 2024 டிசம்பரில் 2.9 சதவீதமாகிவிட்டது. ஆனால் பெருந்தொற்றுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் அதே 2024 முடிவில் விலைமட்டம் 20 சதவீதத்துக்கு மேல் உயர்ந்து நின்றது. பிரிட்டனில் உணவு விலைகள் 2021 மே மாதத்துக்கும் 2024 மே மாதத்துக்கும் நடுவே 30 சதவீதத்துக்கு மேல் கூடின. அதற்கு முன் அதே அளவு ஏற 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பதின்மூன்று ஆண்டுச் சுமையை மூன்றே ஆண்டில் ஒரு குடும்பத்தின் தலையில் ஏற்றிவிட்டு, இப்போது வேகம் தணிந்துவிட்டது என்றால் கேட்பவருக்கு ஆறுதலாகவா இருக்கும்?

உங்கள் கணக்கு சரிதான். ஒரு வருடக் கணக்கை மட்டும் பார்த்தீர்கள். மூன்று வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

#4 மாதக்கடைசி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. 115.76-க்கும் 119.03-க்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. இதை அலுவலகத்தில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. "பணவீக்கத்தைவிட அதிகமாகக் கொடுத்திருக்கிறோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

#5 நேர்கோடு எழுதியது:

தராசுமுள், கணக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 8, 7, 3 என்பதே உண்மையா? வாடகையும் பள்ளிக் கட்டணமும் என்ன வேகத்தில் ஏறுகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். 3 சதவீதம் என்றால் எப்படி நம்புவது?

#6 தராசுமுள் எழுதியது:

நேர்கோடு, உங்கள் சந்தேகத்தை ஒதுக்கிவிட மாட்டேன். எண்களில் கைவைத்த அரசுகள் இருந்திருக்கின்றன. அர்ஜென்டினாவின் புள்ளியியல் நிறுவனத்தில் 2007 முதல் அரசியல் தலையீடு நடந்தது. மாகாணங்களும் தனியார் ஆய்வாளர்களும் எடுத்த கணக்குகளும் அதிகாரபூர்வ எண்ணும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்துக்குப் போயின. 2013 பிப்ரவரியில் பன்னாட்டு நாணய நிதியம் அந்த நாட்டின் மீது வெளிப்படையாகக் கண்டனத் தீர்மானம் போட்டது. ஆனால் அந்தப் பொய் எப்படி வெளியே வந்தது என்பதைக் கவனியுங்கள். வேறு வழிகளில் விலையைத் திரட்டி ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இணையக் கடைகளின் விலைகளைத் தினமும் சேகரித்த ஆய்வாளர்களும் அதில் உண்டு. பல வருடங்கள் தொடர்ந்து பொய் சொல்லி மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எளிதல்ல.

நான் விலை சேகரிக்கும் பணியில் இருந்தவன். கையில் பட்டியலோடு அதே கடை, அதே பொருள், அதே அளவு என்று மாதாமாதம் போய்க் குறித்து வரும் வேலை. பெரும்பாலும் வெயிலில் நடந்து செய்கிற, யாரும் பாராட்டாத வேலை. அந்தப் பணியாளர்கள் மொத்தமாகச் சேர்ந்து பொய் எழுதுகிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கும். இந்த எண்கள் எவ்வளவு எளிதில் நின்றுபோகக் கூடியவை என்பதும் பலருக்குத் தெரியாது. 2025 அக்டோபரில் அமெரிக்க அரசின் நிதி ஒதுக்கீடு முடங்கி ஊழியர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். பணவீக்கத்தைக் கணக்கிட அடிப்படையான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் அந்த மாதத்துக்கு வெளிவரவே இல்லை. விலையைப் பின்னோக்கிப் போய்ச் சேகரிக்க முடியாதே.

ஆகவே என் பதில்: எண் பெரும்பாலும் பொய்யில்லை. ஆனால் அது உங்கள் வீட்டு எண்ணும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

#7 ஓய்வூதியர் எழுதியது:

அந்தக் கடைசி வரியை இன்னும் விரிவாக எழுதுங்கள் தம்பி. எங்களைப் போன்றவர்களுக்கு அங்கேதான் கையைக் கடிக்கிறது. மருந்து, மின்சாரம், சாப்பாடு. இவை மூன்றும் போனால் மிச்சம் ஒன்றுமில்லை. விலை இறங்கிய பொருட்கள் என்று பட்டியல் போடுகிறார்களே, கைப்பேசி, தொலைக்காட்சி, அவற்றை நாங்கள் எத்தனை தடவை வாங்கப் போகிறோம்?

#8 தராசுமுள் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வதுதான் இந்தக் குறியீட்டெண்ணின் அடிப்படைப் பிரச்சினை. ஒரு கூடை தயாரிக்கிறார்கள். நாட்டில் உள்ள குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து எதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்று கணக்கெடுத்து, ஒவ்வொரு செலவுக்கும் ஓர் எடை கொடுக்கிறார்கள். அடிப்படைச் சூத்திரம் 1871-இல் லாஸ்பியர் என்ற ஜெர்மானியர் கொடுத்தது. இதில் மொத்தச் செலவைத்தான் கூட்டுகிறார்கள், குடும்பத்துக்கு ஒரு வாக்கு என்று எண்ணுவதில்லை. அதிகம் செலவழிக்கும் வீடு எடையைத் தன் பக்கம் அதிகமாக இழுக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. கற்பனை எண்கள்தான். ஒரு வருடத்தில் வாடகை 6 சதவீதம், உணவு 9, போக்குவரத்து 3, கல்வி 8, மற்றவை 1 சதவீதம் ஏறின. தேசியக் கூடையில் இவற்றின் எடை முறையே 15, 20, 15, 5, 45 என்றால், சராசரி ஏற்றம் சரியாக 4 சதவீதம். இப்போது வாடகைக்கு 40, உணவுக்கு 30, மற்ற மூன்றுக்கும் பத்துப் பத்து என்று செலவழிக்கும் ஒரு வீட்டுக்கு அதே விலைகளை வைத்துப் போடுங்கள். 6.3 சதவீதம் வருகிறது. எந்த விலையையும் யாரும் மறைக்கவில்லை. கூடை மட்டும் மாறியது.

உணவின் எடை ஏன் ஏழைகளுக்கு அதிகம் என்பதை 1857-லேயே எர்ன்ஸ்ட் எங்கெல் எழுதிவிட்டார். வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும். நாடுகளுக்கும் இது பொருந்தும். இந்தியாவின் 2012 அடிப்படை ஆண்டுக் கூடையில் (அந்த ஆண்டின் விலையை 100 என்று வைத்துத் தொடங்கியது) உணவு, பானங்களின் எடை ஏறத்தாழ 46 சதவீதமாக இருந்தது. அமெரிக்கக் கூடையில் உணவு 14 சதவீத அளவுதான், அங்கே மூன்றில் ஒரு பங்கு குடியிருப்புக்கு. உலக உணவு வேளாண் அமைப்பின் உணவு விலைக் குறியீடு 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கியவுடன், வரலாறு காணாத உச்சத்துக்குப் போனது. அந்த அடி எல்லா நாட்டிலும், எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி விழவில்லை.

#9 கடன்தவணை எழுதியது:

இதோட இன்னொண்ணு சேர்க்கணும். பணத்துக்கான விலை. நான் வாங்கின கடனுக்கு வட்டி ஏறி மாசத் தவணை எங்கேயோ போயிடுச்சு. அது இந்தக் கூடையில இருக்கா? தேடிப் பார்த்தேன், பல நாடுகள்ல இல்லவே இல்லை. அமெரிக்காவுல 1983-க்கு முன்னாடி வீட்டுக் கடன் வட்டி கூடைக்குள்ள இருந்திருக்கு. அப்புறம் எடுத்துட்டாங்க. சொந்த வீட்டுல இருக்கிறவங்க அந்த வீட்டை வாடகைக்கு விட்டா எவ்வளவு வருமோ, அதைத்தான் இப்ப கணக்குல சேர்க்கிறாங்க. யூரோ நாடுகளோட பொதுக் குறியீட்டுல சொந்த வீட்டுச் செலவு சேரவே இல்லை.

2022 மார்ச்ல கிட்டத்தட்ட பூஜ்யமா இருந்த அமெரிக்க மத்திய வங்கியோட வட்டி 2023 ஜூலைல 5.25-5.50 சதவீதத்துக்குப் போச்சு. இங்கிலாந்து வங்கி 0.1-ல இருந்து 5.25 வரைக்கும் ஏத்துச்சு. விலையை அடக்கத்தான் ஏத்துறாங்கன்னு புரியுது. ஆனா அந்த மருந்தோட செலவும் கடன் வாங்கினவன் தலையிலதானே விழுது? 2024-ல லாரன்ஸ் சம்மர்ஸும் வேற மூணு பேரும் சேர்ந்து ஒரு ஆய்வு எழுதினாங்க. கடன் வட்டியையும் சேர்த்துப் பார்த்தா, பணவீக்கம் இறங்கியும் மக்கள் மனசு ஏன் தேறலைங்கிறதோட பெரும்பகுதி விளங்கிடும்னு சொல்றாங்க. சம்மர்ஸ் அமெரிக்க நிதியமைச்சரா இருந்தவர். படிச்சப்ப, நம்ம கஷ்டத்தை ஒருத்தராவது கணக்குல எடுத்துக்கிட்டாரேன்னு இருந்துச்சு.

#10 சிறுதொழில் எழுதியது:

நல்ல இழை. தொடர்ந்து படிக்கிறேன். ஆனால் பொருளின் அளவைக் குறைத்து விலையை அப்படியே வைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

#11 தராசுமுள் எழுதியது:

அதைப் பெரும்பாலான புள்ளியியல் துறைகள் பிடித்துவிடும். 500 கிராம் பொட்டலம் அதே விலையில் 450 கிராமானால் அதை விலையேற்றமாகவே பதிவு செய்வார்கள். அளவு 10 சதவீதம் குறைந்தால் ஒரு கிராமின் விலை 11.1 சதவீதம் கூடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நுகர்வோர் கண்ணில் படாமல் போவதுதான் சிக்கல். பிரான்சில் 2024 ஜூலை 1 முதல் பெரிய கடைகள் இப்படி அளவு குறைந்த பொருளுக்குப் பக்கத்தில் அறிவிப்பு வைக்க வேண்டும் என்று விதி வந்தது. இரண்டு மாதம் அந்த அறிவிப்பு இருக்க வேண்டும்.

தரம் குறைவதுதான் உண்மையிலேயே பிடிபடாதது. அதே டப்பா, அதே எடை, உள்ளே மூலப்பொருள் மட்டும் மலிவானது. பட்டியலோடு போகிறவன் அதை எப்படிக் கண்டுபிடிப்பான்? நானும் பலமுறை திகைத்து நின்றிருக்கிறேன்.

#12 மாதக்கடைசி எழுதியது:

எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. விலை ஏறும்போது நாங்கள் விலை குறைந்த தயாரிப்புக்கு மாறினோம். பிறகு அதுவும் ஏறியது. அதற்குக் கீழே போக வேறு தயாரிப்பே இல்லை. முன்பு நல்ல தயாரிப்பு வாங்கியவர்களுக்கு இறங்க ஒரு படி இருந்தது. முதலிலிருந்தே மலிவானதை வாங்கியவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

#13 தராசுமுள் எழுதியது:

தோழி, 2024-இல் ஆல்பர்ட்டோ கவாலோவும் ஒலெக்ஸி கிரிவ்ட்சோவும் எழுதிய ஆய்வு சரியாக இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. பத்து நாடுகளின் விலைகளைப் பார்த்தார்கள். ஒரே வகைப் பொருளில் மலிவான தயாரிப்புகளின் விலை, உயர்ந்த தயாரிப்புகளின் விலையைவிட வேகமாக ஏறியிருந்தது. மலிவானதில் லாபம் ஏற்கெனவே மெலிது, மூலப்பொருள் விலை கூடினால் தாங்கிக்கொள்ள இடமில்லை. அதோடு எல்லோரும் மேலிருந்து கீழே மாறும்போது கீழே கூட்டம் சேர்கிறது. கூடையில் ஒரு வகைக்கு ஒரு சராசரி என்றால் இந்த வேறுபாடு அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடும்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் இதே புகார் 2022-இல் பெரிதாக எழுந்து, அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் 30 அன்றாட உணவுப் பொருட்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் மிக மலிவான தயாரிப்பின் விலையைத் தனியாக ஆராய்ந்தது. 2022 செப்டம்பர் வரையிலான ஓராண்டில் அவை சராசரியாக 17 சதவீதம் ஏறியிருந்தன. மொத்த உணவு விலையேற்றத்துக்கு அது ரொம்பத் தூரமில்லை. ஆனால் உள்ளே போனால் சமையல் எண்ணெய் 65 சதவீதம் ஏறியிருந்தது. சில பொருட்கள் இறங்கியும் இருந்தன. சராசரியை மட்டும் வைத்து யாரையும் ஆறுதல்படுத்த முடியாது, யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது.

#14 நேர்கோடு எழுதியது:

சரி, எண்ணைத் தயாரிப்பவர்கள் மீதான கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். இப்போது என் கேள்வி வேறு. விலைகளைப் பழைய இடத்துக்கே இறக்கிவிட்டால் என்ன? யாருமே அதைக் கேட்பதில்லை. கச்சா எண்ணெய் ஏறினால் மறுநாளே எரிபொருள் விலை ஏறுகிறது, இறங்கினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இதை ஏன் சும்மா விடுகிறார்கள்?

#15 தராசுமுள் எழுதியது:

எரிபொருள் பற்றி நீங்கள் சொல்வதை ராபர்ட் பேக்கன் என்ற பொருளியலாளர் 1991-இல் பிரிட்டன் தரவுகளை வைத்து எழுதினார். ஏறும்போது ராக்கெட், இறங்கும்போது இறகு என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார். போட்டி குறைவான சந்தையில் இது நடக்கும். அங்கே அரசு தலையிட்டு ஒழுங்குபடுத்த வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. குறிப்பிட்ட ஒரு பொருளின் விலை இறங்கட்டும், மகிழ்ச்சிதான்.

ஆனால் எல்லா விலைகளும் சேர்ந்து இறங்குவது ஆபத்து. 1929-க்கும் 1933-க்கும் நடுவே அமெரிக்காவில் விலைமட்டம் ஏறக்குறைய கால்பங்கு விழுந்தது. கூலியும் விழுந்தது, வேலையும் போனது. கடன் மட்டும் பழைய தொகையிலேயே நின்றது. கடனை அடைக்க எல்லோரும் சொத்தை விற்கப் போய், விலை மேலும் விழுந்து, மிச்சக் கடனின் பாரம் இன்னும் கூடியது என்று இர்விங் ஃபிஷர் 1933-இல் விளக்கினார். இந்த இழையிலேயே கடன்தவணை இருக்கிறார். அவர் சம்பளம் 15 சதவீதம் குறைந்து, தவணை அப்படியே இருந்தால் என்ன ஆகும்?

#16 கடன்தவணை எழுதியது:

மூணே மாசத்துல வீட்டை வித்துட்டு நிக்க வேண்டியதுதான். வேண்டவே வேண்டாம்.

#17 தொழிற்சங்கத்தான் எழுதியது:

தோழர்களே, விலை இறங்காது என்றால் கூலிதான் ஏறியாக வேண்டும். வேறு வழி கிடையாது. இந்த இழையில் இதுவரை அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசியிருக்கிறோம்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் அறிக்கைப்படி, 2022-இன் முதல் பாதியில் உலக அளவில் உண்மை ஊதியம், அதாவது விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்த ஊதியம், 0.9 சதவீதம் சரிந்தது. இந்த நூற்றாண்டில் அப்படிச் சரிந்தது அதுவே முதல் முறை. 2023-இல் 1.8 சதவீதம் ஏறியதாக அதே அமைப்பு பின்னர் சொன்னது. ஏறியது நல்லது. ஆனால் தராசுமுள் முதலில் போட்ட கணக்கு இங்கேயும் பொருந்தும். இழந்த ஆண்டுகளின் பணத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

கூலி கேட்டால் உடனே வரும் பதில்: கூலி ஏறினால் விலை ஏறும், விலை ஏறினால் மறுபடி கூலி கேட்பீர்கள், இதற்கு முடிவே இருக்காது. பன்னாட்டு நாணய நிதியத்தின் ஆய்வாளர்களே 1960-களுக்குப் பிந்தைய வளர்ந்த நாடுகளின் வரலாற்றை 2022-இல் அலசிப் பார்த்தார்கள். விலையும் கூலியும் சேர்ந்து ஏறிய காலங்களில் பெரும்பாலானவை அப்படி முடிவில்லாத சுழலாக மாறவில்லை என்றுதான் அவர்கள் கண்டார்கள். 2023-இல் அதே நிறுவனத்தின் இன்னோர் ஆய்வு, ஐரோப்பாவில் முந்தைய இரண்டு ஆண்டு விலையேற்றத்தில் ஏறத்தாழ பாதி நிறுவனங்களின் லாப உயர்வோடு சேர்ந்தது என்றது. லாபம் முதலில் ஏறியபோது யாரும் சுழல் என்று எச்சரிக்கவில்லை. கூலிக்காரன் வாயைத் திறந்தால் மட்டும் எச்சரிக்கை வருகிறது. இந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

#18 சிறுதொழில் எழுதியது:

தொழிற்சங்கத்தான் அண்ணே, பெரிய நிறுவனங்களைப் பற்றி நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். நான் ஒரு டஜன் பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவன். 2021-இல் கப்பல் சரக்குக் கட்டணம் யானை விலை குதிரை விலை ஆனது. அதற்கடுத்த வருடம் மின்சாரம். இரண்டையும் வாடிக்கையாளர் மீது முழுதாக ஏற்றினால் அவர் வேறு இடத்துக்குப் போய்விடுவார். என் லாபம் அப்போது ஏறவில்லை, கரைந்தது. ஆட்களுக்குக் கூட்டித் தர வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். அவர்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாதா? எப்போது, எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்ப என் விலையை வைப்பேன். திடீரென்று வந்தால்தான் தாங்காது.

#19 ஓய்வூதியர் எழுதியது:

இந்தத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பது எங்களுக்கும் பொருந்தும். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டிருக்கிறது. 2023-க்கு 8.7 சதவீதம் ஏற்றினார்கள், 1981-க்குப் பிறகு அதுதான் அதிகம். யாரும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை, சட்டமே ஏற்றித் தருகிறது. எந்தக் குறியீட்டை வைத்து என்று பார்த்தீர்களா? நகரத்து உழைப்பாளர்களின் கூடையை வைத்து. முதியவர்களின் கூடையில் மருத்துவம் கூடுதல். முதியவர்களுக்கென்று தனிக் கணக்கு ஒன்றை 1980-களிலிருந்தே ஆய்வுக்காகப் போட்டு வருகிறார்கள், ஆனால் ஓய்வூதியத்துக்கு அதை எடுத்துக்கொள்வதில்லை. கிடைப்பதற்கு நன்றி உண்டு. ஆனாலும் யாருடைய கூடை என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டல்லவா?

#20 மட்டுறுத்துநர் எழுதியது:

கட்சி அரசியல் சார்ந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. இழையின் பொருளிலேயே தொடருங்கள்.

#21 மாதக்கடைசி எழுதியது:

தராசுமுள் ஐயா சொன்னபடி என் வீட்டுக் கூடையைப் போட்டுப் பார்த்தேன். மூன்று வருட நோட்டும் கையில் இருந்ததால் சிரமமில்லை. முதல் வருடச் செலவுகளைப் பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றும் இன்று அதே அளவுக்கு என்ன ஆகிறது என்று எழுதினேன். எனக்கு வந்தது 119 இல்லை, 124. வித்தியாசத்தில் பெரும்பகுதி வாடகை ஒன்றினால் மட்டுமே வருகிறது. உணவு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாடகை வருடத்துக்கு ஒருமுறை ஏறுவதால் கண்ணில் படவில்லை, உணவு வாரா வாரம் கண்ணில் படுகிறது.

இதை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் பேசலாம் என்றிருக்கிறேன். 124 என்று சொல்லவா, 119 என்று சொல்லவா?

#22 தொழிற்சங்கத்தான் எழுதியது:

119 என்று சொல்லுங்கள் தோழர். உங்கள் நோட்டை அவர் மறுக்கலாம், அரசு வெளியிட்ட குறியீட்டெண்ணை மறுக்க முடியாது. 124 உங்களுக்குத் தெம்பு தரட்டும். வாடகை பற்றிப் பேச்சு வந்தால் அப்போது எடுங்கள். கடைசியாக உங்கள் சம்பளம் நியாயமாக நிர்ணயிக்கப்பட்ட மாதத்தின் குறியீட்டெண், இந்த மாதத்தின் குறியீட்டெண், இரண்டையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். "இந்த ஆண்டுப் பணவீக்கம் 3 சதவீதம்" என்று அவர் தொடங்கினால் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

முடிந்தால் தனியாகப் போகாதீர்கள். ஒரே நேரத்தில் சேர்ந்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தால் எல்லோரும் அதே கணக்கோடு போங்கள்.

#23 தராசுமுள் எழுதியது:

ஒரு சின்னத் திருத்தம். அடிப்படை ஆண்டு நடுவில் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வரிசையின் எண்ணையும் புதிய வரிசையின் எண்ணையும் நேரடியாக வகுத்தால் அபத்தமான விடை வரும். இணைப்புக் காரணி என்று ஒன்று வெளியிட்டிருப்பார்கள். புதிய எண்ணைப் பழைய வரிசைக்கு மாற்ற அதைப் பயன்படுத்துங்கள்.

#24 சிறுதொழில் எழுதியது:

நானும் என் ஆட்களோடு இப்படி ஓர் ஏற்பாடு எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பெல்ஜியத்தில் விலைக் குறியீட்டெண் ஏறினால் எல்லோருக்கும் சம்பளம் தானாகவே ஏறுகிறதாமே, அது நடைமுறையில் எப்படி?

#25 தொழிற்சங்கத்தான் எழுதியது:

பெல்ஜியத்தில் துறைக்குத் துறை விதி வேறு. சில துறைகளில் குறியீட்டெண் ஒரு வரம்பைத் தொட்டவுடன் ஏறும், சிலவற்றில் ஆண்டுக்கு ஒருமுறை. அலுவலக ஊழியர்களின் பெரிய பிரிவு ஒன்றுக்கு 2023 ஜனவரியில் ஒரே தடவையில் 11 சதவீதத்துக்கு மேல் ஏறியது. முதலாளிகள் திணறினார்கள், மறுக்கவில்லை. லக்சம்பர்க்கில் குறியீட்டெண் 2.5 சதவீதம் கூடும்போதெல்லாம் எல்லாச் சம்பளமும் 2.5 சதவீதம் கூடும். இத்தாலியிலும் இப்படி ஒன்று இருந்தது, 1992-இல் கைவிட்டார்கள். இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்களுக்கு அகவிலைப்படி ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை. ஆனால் 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை மூன்று தவணைகளை நிறுத்திவைத்தார்கள். பிறகு விகிதத்தை 17-லிருந்து 28 சதவீதமாக உயர்த்தினார்கள், நின்றுபோன காலத்துக்கான நிலுவை மட்டும் கிடைக்கவில்லை. அதனால் நிறுத்திவைத்தால் நிலுவை உண்டா என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

உங்கள் அளவுக்கு எளிமையாகப் போதும். எந்தக் குறியீட்டெண், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, அடிப்படை ஆண்டு மாறினால் என்ன செய்வது, எந்தத் தேதியில் ஏறும். நான்கே வரி.

#26 சிறுதொழில் எழுதியது:

உச்சவரம்பு வைக்கலாமா அண்ணே? 2022 மாதிரி ஒரு வருடம் வந்து 9 சதவீதம் என்றால் ஒரே மாதத்தில் என்னால் தர முடியாது.

#27 தொழிற்சங்கத்தான் எழுதியது:

வையுங்கள். 6 சதவீதம் என்று வைத்தாலும் ஆட்கள் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் வரம்புக்கு மேல் மிஞ்சும் 3 சதவீதம் அழிந்துபோகக் கூடாது. அடுத்த வருட உயர்வோடு சேர்த்துத் தருவதாக ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இல்லாமல் அவர்களைக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள்.

#28 சிறுதொழில் எழுதியது:

எழுதிக்கொள்கிறேன். வரைவு தயாரானதும் இங்கேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.